சேஸிஸ் நம்பர் வந்தால்தான் வண்டி

தென்காசியில் புதுக் கார் வாங்க என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் பேசி முடித்துவிட்டுத்தான் வருவார்கள். எந்த மாடல், என்ன கலர், யார் பெயரில் ஆர்.சி., எந்த நாளில் டெலிவரி என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். திருநெல்வேலியிலோ மதுரையிலோ எந்த ஷோரூம் யார்டில் அந்தக் கலர் நிற்கிறது என்று விசாரித்து, பழைய வண்டிக்கு நியாயமான விலை பேசி, பேங்க்கில் டெலிவரி ஆர்டர் (டி.ஓ.) வாங்கி, நல்ல நேரம் முடிவதற்குள் வண்டியைக் காசி விசுவநாதர் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. பழைய கார் புரோக்கராக ஆரம்பித்தவன் நான். ஷோரூம்காரர் சொல்வதைவிட உள்ளூரில் ஒருவன் சொல்வதை நம்பலாம் என்று நினைக்கிறவர்கள் இருப்பதால் இந்தத் தொழில் ஓடுகிறது.

இதில் அபூர்வமாக வரும் வேலை ஒன்று உண்டு. கம்பெனி கொஞ்சமாக மட்டும் செய்யும் வேகமான காரை ஆர்டர் செய்து தரச் சொல்லி ஒருவர் வந்து உட்காருவார். பணம் இருக்கும், ஆசையும் உண்மையாக இருக்கும். அப்படியும் வண்டி கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்துக்குக் கேரளப் பதிவெண்ணோடு விதவிதமான ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்து நிற்கும். ஐந்தருவிக்குப் போகும் வழியில் அவற்றைச் சுற்றிவந்து பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள், "நம்ம ஊர்க்காரனுக்கு இதையெல்லாம் எவன் தருவான்?" என்று கேட்பார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாவூர்சத்திரத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். வாலிபத்தில் அம்பத்தூர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்தால் சைக்கிளிலாவது போய்விடுவாராம். பந்தய வீரர் கரிவரதன் ஓட்டியதைக் கண்ணால் பார்த்தவர் என்பதில் அவருக்கு இன்றும் பெருமை. கடை, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் முடிந்து ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தனக்கென்று ஒரு வண்டி கேட்டார்.

முதலில் கேட்டது போலோ ஜி.டி.ஐ. 2016 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் அதை இந்தியாவுக்கு இறக்குமதி செய்து விற்றது. மொத்தம் 99 வண்டிகள்தான் என்று அறிவித்திருந்தார்கள். 1.8 லிட்டர் டர்போ, 192 பி.எஸ். சக்தி, டெல்லி எக்ஸ்-ஷோரூம் விலை 25.65 லட்சம். பக்கத்துக்கு ஒரே கதவு. படத்தைப் பார்த்த மதினி, "பின்னால ஏறணும்னா முன் சீட்ட மடக்கணுமாக்கும்? எங்க அத்தைய எப்படி ஏத்தி இறக்க?" என்று கேட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அதே காரை பின்னாளில் பல லட்சம் விலை குறைத்து விற்கும்படி ஆனது. 99 என்று எண்ணிக்கை போட்டாலும் ஆள் வராமல் போகும் என்பதை டீலர்கள் எல்லோரும் அப்போது பார்த்தார்கள். அந்தப் பயம் எங்களுக்கு அடுத்த காரில் வந்து குறுக்கே நின்றது.

அடுத்த கார் நம் கோயமுத்தூர்க்காரர்கள் செய்தது. டாடா மோட்டார்ஸும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, டியாகோ, டிகோர் இரண்டையும் வேக வண்டியாக மாற்றின. ஜே.டி.பி. என்று பெயர். 2018 பிப்ரவரி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டி, அக்டோபரில் விற்பனைக்கு விட்டார்கள். டியாகோ ஜே.டி.பி. 6.39 லட்சம், டிகோர் 7.49 லட்சம், டெல்லி எக்ஸ்-ஷோரூம். சாதாரண பெட்ரோல் டியாகோ 85 பி.எஸ். தரும், இதில் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின் 114 பி.எஸ். வரை தரும். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பத்து விநாடிக்குள் தொடும் என்று கம்பெனி சொன்னது.

கோவையில் இப்படி ஒரு கார் பிறந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கரிவரதன் அங்கேதான் வடிவமைத்தார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, செட்டிப்பாளையத்தில் அவர் பெயரிலேயே பந்தயத் தடம் அமைந்தது. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த ஊர்தான். பம்ப் செட்டும் மில் இயந்திரமும் செய்து பழகிய கைகள் பந்தய வண்டியும் செய்தன. அண்ணாச்சிக்கு இந்த வரலாறு முழுக்கத் தெரியும். "தம்பி, ஏழு லட்சத்துக்குள்ள, நாலு கதவோட, நம்மூர்ப் பட்டறையில யோசிச்சுச் செஞ்ச வண்டி. இத விட்டா எனக்கு எப்பக் கெடைக்கும்?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சிக்கல் அதன் பிறகுதான். இந்த வண்டியை எல்லா ஷோரூமிலும் விற்கவில்லை. தேர்ந்தெடுத்த சில நகரங்களில் குறிப்பிட்ட ஷோரூம்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். நான் போன் போட்ட முதல் இடத்தில், தென்காசி என்றதுமே குரல் மாறிவிட்டது. அதே மாடலில் சாதாரண டாப் வேரியண்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் ஐம்பதாயிரத்துக்கு ஆக்சஸரீஸ் எடுத்தால் யோசிக்கலாம் என்றார்கள். சோழவரத்தில் வெயிலில் நின்று பந்தயம் பார்த்த மனிதருக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை வைத்து வண்டி வாங்க முடியாது. டீலர் ஏன் தயங்குகிறார் என்று தெரிந்தால்தான் அவரைத் தயங்காமல் செய்ய முடியும்.

அந்தக் கணக்கு இதுதான். டீலர் வண்டியைக் கம்பெனியிடமிருந்து பேங்க் பணத்தில் வாங்குகிறார். பில் போட்ட சில நாளிலேயே வட்டி ஓடத் தொடங்கிவிடும். வெள்ளை நிறச் சாதாரண ஹேட்ச்பேக் யார்டுக்கு வந்த வேகத்தில் வெளியே போய்விடும். சிவப்பு நிறம், கியர் மாற்றி ஓட்ட வேண்டியது, மைலேஜ் குறைவு, மற்றதைவிட லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் கூடுதல் என்று இருக்கிற ஒரு வண்டியைக் கேட்டவர் பின்வாங்கிவிட்டால், அடுத்த ஆள் வரும்வரை அது வட்டியைத் தின்றுகொண்டு வெயிலில் நிற்கும். அதனால் சேல்ஸ் மேனேஜர் மனதில் ஒரே கேள்விதான் ஓடும்: இந்த ஆள் உண்மையிலேயே எடுப்பாரா? நேரில் வந்து உட்காரும் உள்ளூர்க்காரர் மேல் அந்த நம்பிக்கை சீக்கிரம் வரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து போனில் கேட்கும் குரல் மேல் வராது. வெளியூர்க்காரர் அந்த நம்பிக்கையைக் காகிதத்தில் காட்ட வேண்டும்.

அந்தக் காகிதங்களை நாங்கள் பொறுமையாகச் சேர்த்தோம். முதலில் வண்டி அண்ணாச்சிக்கு ஒத்துவருமா என்று பார்த்தோம். ஜே.டி.பி. சாதாரண டியாகோவைவிட 4 மில்லிமீட்டர் தாழ்வு; தரையிலிருந்து 166 மில்லிமீட்டர். அவர் வீட்டுத் தெருவில் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடை ஒன்று இருக்கிறது. கடையிலிருந்து மட்டப்பலகையும் டேப்பும் எடுத்துவந்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துப் பலகையை மட்டமாக வைத்து உயரத்தை அளந்தோம். பிறகு தெரிந்தவர் ஒருவரின் சாதாரண டியாகோவில் அண்ணாச்சி, மதினி, மகன், நான் நான்கு பேரும் உட்கார்ந்து, அதே தடையில் ஏறி இறங்கினோம். அடிவயிற்றில் உரசவில்லை. இன்னும் ஒரு விரல்கடை இடைவெளி இருப்பதைக் கடைப் பையன் குனிந்து பார்த்துச் சொன்னான். பிறகு ஜே.டி.பி. விற்கும் ஷோரூம் இருந்த நகரத்துக்குப் போய் டெமோ வண்டியை ஓட்டினோம். டவுன் நெரிசலில் ஓட்டிப் பார்த்து இந்த மாதிரி வண்டியைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பதால், மேம்பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக விட்டு மிதித்துப் பார்க்கச் சொன்னேன். அண்ணாச்சி இறங்கி வந்து வேறெதுவும் கேட்காமல் செக் புக்கை எடுத்தார்.

நான் செக் எழுத விடவில்லை. ஃபைலை முதலில் கொடுத்தேன். பான் கார்டு, ஆதார், மூன்று வருட வருமானவரித் தாக்கல், பேங்க்கின் கடன் அனுமதிக் கடிதம், பழைய காருக்கு நான் போட்ட மதிப்பீடு எல்லாம் அதில் இருந்தன. சிவப்புதான் வேண்டும், சிவப்பு இல்லையென்றால் முத்து வெள்ளையும் சம்மதம் என்று அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட தாளும் இருந்தது. கடைசியாக என் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். வாடிக்கையாளர் எந்தக் காரணத்தாலாவது பின்வாங்கினால், முப்பது நாளுக்குள் அதே விலைக்கு வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தேன். மேனேஜர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மற்ற காகிதங்களையெல்லாம் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு அதை மட்டும் தன் டிராயரில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எங்கள் பெயர் கணக்கில் ஏறியது.

உலகத்தில் எங்கே போனாலும் கொஞ்சமாகச் செய்யும் வண்டியை இப்படித்தான் விற்கிறார்கள். மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த அதே ஃபோர்டு கம்பெனி, 2016இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஜி.டி. காருக்கு விண்ணப்பம் வாங்கியது. 500 வண்டிகளுக்கு 6,500 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தவர்கள் இரண்டு வருடம் விற்க மாட்டோம் என்று ஒப்பந்தம் போட வேண்டும். மல்யுத்த வீரர் ஜான் சீனா சில வாரங்களிலேயே விற்றுவிட்டதால் 2017இல் அவர் மேல் வழக்குப் போட்டார்கள், மறுவருடம் சமரசமானது. கோடிக்கணக்கில் விலை போகும் காருக்கே வாங்குகிறவரின் வாக்கு வேண்டியிருக்கிறது. பாவூர்சத்திரத்து இரும்புக் கடைக்காரரின் வாக்கு அதற்குக் குறைந்ததில்லை. அதை எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

புக்கிங் ரசீது கைக்கு வந்ததும் பலரும் வண்டியே வந்துவிட்ட மாதிரி நினைத்துவிடுவார்கள். ரசீதில் மாடல், கலர், முன்பணம் எல்லாம் இருக்கும். சேஸிஸ் நம்பர் இருக்காது. அது இல்லாதவரை உங்களுக்கென்று உலகத்தில் எந்த வண்டியும் இல்லை. அந்த நம்பர் வராமல் லோன் பணத்தை விடுவிக்கச் சொல்லாதீர்கள். வட்டி உங்கள் தலையில் ஓடத் தொடங்கிவிடும். மீதிப் பணத்தை ஷோரூமின் கம்பெனிக் கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். செய்யுங்கள். விற்பனைப் பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் போன் நம்பருக்கு அனுப்பக் கூடாது.

எங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. வருடக் கடைசியில் செய்த வண்டி ஜனவரியில் டெலிவரி ஆனால், ஓட்டிய ஒரு மாதத்திலேயே காகிதத்தில் ஒரு வயதாகிவிடும். பழைய கார் வியாபாரத்தில் இருப்பவனுக்கு அதன் விலை தெரியும். சேஸிஸ் நம்பர் 17 எழுத்து. டாடா வண்டி என்றால் எம்.ஏ.டி. என்று தொடங்கும். பத்தாவது எழுத்து வருடம்: ஜே என்றால் 2018, கே என்றால் 2019. ஜனவரிக்குப் போவதாக இருந்தால் கே வேண்டும் என்று மேனேஜரிடம் முதலிலேயே சொல்லி, ரசீதின் ஓரத்தில் எழுதியும் வாங்கியிருந்தேன். பொங்கல் கழிந்து வாட்ஸ்அப்பில் அலாட்மெண்ட் படம் வந்தது. அண்ணாச்சி கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். முதல் எழுத்திலிருந்து விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனவர், பத்தாவதில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். கே.

விலைக் கணக்கில் அந்த வருடம் புதிதாக ஒரு பாரம் சேர்ந்திருந்தது. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. பத்து லட்சத்துக்குள் உள்ள வண்டிக்கு அப்போது தமிழ்நாட்டில் லைஃப் டாக்ஸ் 10 சதவீதம். எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் மனதில் வைத்து வருகிறவர்கள் கடைசியில் திண்டாடுவது இங்கேதான்.

டெலிவரிக்கு முந்தின நாளே போய்விட்டோம். ஷோரூம் விளக்கில் பெயிண்டைப் பார்க்கக் கூடாது. வண்டியை வெளியே வெயிலில் விடச் சொன்னேன். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் பார்த்தேன். பேட்டரித் தேதி, ஓடோமீட்டர், கண்ணாடியின் எண், பம்பர் இடுக்குகள் என்று வரிசையாகப் போனேன். ஜே.டி.பி.யின் போனட்டில் காற்றுத் திறப்புகள் உண்டு. குற்றாலத்துப் பக்கம் வண்டி வாங்குகிறவன் இதைக் கேட்காமல் விட முடியாது: நாள் முழுக்கச் சாரலில் நின்றால் உள்ளே என்ன ஆகும்? வாட்டர் வாஷ் பகுதிக்குக் கொண்டுபோய் போனட் மேல் நன்றாகத் தண்ணீர் அடித்து, உடனே ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட்டோம். இன்ஜின் சீராகவே ஓடியது. மெக்கானிக் தம்பி நாங்கள் கேட்டதில் முகம் சுளிக்காமல், தண்ணீர் எந்த வழியாக வடிகிறது என்று டார்ச் அடித்துக் காட்டினார். அந்தத் தம்பியை நான் மறக்கவில்லை.

தற்காலிகப் பதிவோடு ராஜபாளையம், கடையநல்லூர் வழியாக மிதமான வேகத்தில் ஓட்டிவந்து, தென்காசியில் டி.என். 76 வாங்கினோம். முதல் சர்வீஸ் முடிகிறவரை அண்ணாச்சி இன்ஜினை விரட்டவில்லை. முடிந்த மறுநாள் விடியற்காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டிப் புளியரைக்குப் போனார். ஆரியங்காவு ஏறும் அந்தச் சாலையில் எஸ் வளைவு எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கெல்லாம் பரீட்சை. கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருக்கும். பின்னால் மாட்டிக்கொள்ளும் சின்ன கார் வேகத்தை இழந்து, முதல் கியருக்கு இறங்கித் தவிக்கும். இந்த வண்டியின் 150 நியூட்டன் மீட்டர் இழுவை 2,000 சுற்றிலேயே முழுதாக வந்துவிடுகிறது. சாதாரண டியாகோவில் 114தான், அதுவும் 3,500 சுற்றில். வளைவு முடிந்து எதிரே பாதை தெரிந்ததும் அண்ணாச்சி கியரைத் தொடாமல் காலை மட்டும் அழுத்தினார். லாரியைக் கடந்து எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் வண்டியில் இழுவை மிச்சம் இருந்தது. நூறைத் தொடும் விநாடிக் கணக்கைவிட மலைச் சாலையில் அந்த மிச்சம்தான் உயிர் காக்கும். ஸ்போர்ட்ஸ் கார் நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கார் அதிக நாள் விற்பனையில் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபோது ஜே.டி.பி.க்கு அந்த விதிக்கேற்ற இன்ஜின் வரவில்லை. கூட்டுக் கம்பெனியில் ஜெயத்தின் பங்கையும் அதே வருடம் டாடா வாங்கிக்கொண்டது. விலை மலிவாக, ஓட்ட மகிழ்ச்சியாக, நம் மாநிலத்து மூளையில் உருவான ஒரு கார் இத்தனை சீக்கிரம் நின்றுபோனதில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

இப்போது இந்த வியாபாரம் ஆன்லைனுக்குப் போய்விட்டது. ராயல் என்ஃபீல்டின் பெகாசஸ் பைக்கில் இந்தியாவுக்கு ஒதுக்கிய 250உம் 2018இல் 178 விநாடியில் தீர்ந்தது. 2025 அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 100 வண்டிகளுக்குப் புக்கிங் திறந்தார்கள். சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஐம்பது லட்ச ரூபாய்க் கார். மேலகரத்துத் தம்பி ஒருவர் கார்டும் கையுமாகக் காத்திருந்தும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் ஒரு நன்மையை நான் ஒப்புக்கொள்கிறேன். தென்காசி என்றதும் குரல் மாறுகிற ஆள் அங்கே இல்லை. சென்னைக்காரருக்கும் சுரண்டைக்காரருக்கும் ஒரே கடிகாரம். ஆனால் இந்த வண்டியை வைத்து ஓட்டுவீர்களா, மறுமாதம் லாபத்துக்கு விற்பீர்களா என்று கேட்கவும் அங்கே யாரும் இல்லை. எனக்கு டீலர் மேசையே மேல் என்று படுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் ஒரு கடிதத்தை நீட்டி, அவர் படிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருக்க முடியும்.

அண்ணாச்சியின் வண்டியைக் கேட்டுக் கொல்லத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் எனக்குப் போன் வருகிறது. அது விற்பனைக்கில்லை. வேறு எங்காவது ஜே.டி.பி. கிடைத்தால் எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் சி.சி.யை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதாரண டியாகோவும் இதுவும் 1,200க்குச் சற்றுக் குறைவுதான். பேட்ஜும் சிவப்புக் கோடும் எந்த ஸ்டிக்கர் கடையிலும் கிடைக்கும். ஆர்.சி.யில் மாடல் பெயரைப் படியுங்கள், போனட்டைத் திறந்து டர்போவைக் கண்ணால் பாருங்கள், அதன் குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் மாற்றிய தேதிகளைக் கேளுங்கள். முடிந்தால் ஏற்றமான சாலையில் இரண்டாவது கியரில் ஓட்டிவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.